கண்ணை ஆராய்ந்த தாமஸ் யங்

1793-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள், லண்டன் மாநகரத்து இராயல் சொசைட்டி என்னும் அறிஞர் கழகத்தில், கண் பார்வையைப் பற்றிய கட்டுரையொன்று படிக்கப்பெற்றது. அதனை எழுதியவர் பேராசிரியரல்லர். பெயர் பெற்ற வைத்தியருமல்லர். வைத்தியக் கல்வி தொடங்கி ஓராண்டும் நிரம்பாத மாணவர். அவருக்கு இருபது வயது நிறைவதற்கு அன்று இன்னும் இரண்டு வாரங்கள் இருந்தன. நம் வகுப்பிலே நம்மோடு ஒரே பலகையில் அமர்ந்திருப்போரின் வயது அது. அவ்விளைஞரின் பெயர் தாமஸ் யங். ஒளி அலை வடிவானது என நாட்டியவர், பண்டை எகிப்தியரின் எழுத்தைப் படிக்க வழி கண்டவருள் ஒருவர் என்னும் புகழெல்லாம் அவருக்குப் பிற்காலத்தே வந்தவை. அவர் முதன்முதல் ஆராயப் புகுந்தது கண்ணையே. அதனாலே இளமையிற் புகழும் பெற்றார், பழியும் பெற்றார். அவ்வரலாற்றையே ஈண்டுச் சொல்லப் புகுகின்றோம்.

அக்கட்டுரை எடுத்துக்கொண்ட வினா எளியதுபோலத் தோன்றுவது. பொடியெழுத்தில் அச்சிட்ட உரைநூலொன்றைக் கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்துப் படித்துக்கொண்டிருக்கின்றோம். தலை நிமிர்ந்து சாளரத்தின் வழியே நோக்கினால், மைதானத்துக்கு அப்பால் நிற்கும் பனையின் ஓலைகள் பிரிவு பிரிவாகத் தோன்றுகின்றன. மீண்டும் நூலை நோக்க, எழுத்துக்கள் தெளிவாக நிற்கின்றன. இடையில் நாம் செய்தது ஒன்றுமில்லை என்றே எண்ணுகின்றோம். ஆயின் தூரதிருஷ்டிக் கண்ணாடியைக் கையாண்டவர் அங்ஙனம் எண்ணார். சேய்மையிலுள்ள பொருளுக்கு இசைவாக வைத்த குழாய் அண்மையிலுள்ள பொருளைக் கலங்கலாகவே காட்டும். குழாயை நீட்டியோ குறுக்கியோ அமைத்தாலன்றித் தெளிவு பிறவாது. கண்ணும் அத்தகைய கருவியே. அதன் முன்புறத்தே கடிகாரக் கண்ணாடிபோலக் கவிந்த தெளிந்த படலமொன்று உண்டு. அதனைக் கார்னியா என்பர். அதற்குப் பின்னே பாவை. பாவையின் பின்னே இருபுறமும் குவிந்த பளிங்கு போன்ற வில்லை. எல்லாவற்றிற்கும் பின்னே உருவம் விழும் விழித்திரை. நூலிலிருந்து பனைக்கும் பனையிலிருந்து நூலுக்கும் நோக்கு மாறும்போது இவற்றுள் எது மாறுகின்றது?

இதற்கு அறிஞர் பலர் பலவாறு விடை கூறியிருந்தனர். வில்லை முன்னும் பின்னும் நகரும் என்றனர் சிலர். கெப்ளர் இந்நெறியிற் சென்றவர். கண்ணைச் சூழ்ந்த புறத்தசைகள் அதனைப் பிசைந்து நீளச் செய்யும் என்றனர் வேறு சிலர். கார்னியா புடைத்துக் கொடுக்கும் என்றார் மற்றொரு சாரார். வில்லையே தன் வடிவில் மாறும் என்று டேக்கார்ட் எழுதியிருந்தார். ஆயினும் ஒருவர் கூற்றையும் ஐயமற நிறுவுவார் இல்லை.

இவ்வினாவை எடுத்துக்கொண்ட இளைஞர், 1773-ஆம் ஆண்டு ஜூன் 13-ஆம் நாள் ஸாமர்ஸெட் நாட்டு மில்வர்ட்டன் என்னும் சிற்றூரில், குவேக்கர் என்னும் கிறிஸ்தவ வகுப்பைச் சார்ந்த குடும்பத்திற் பிறந்தவர். பதின்மர் குழந்தைகளுள் மூத்தவர். இளமையின் பெரும்பகுதியைத் தாய்வழிப் பாட்டனார் இல்லத்திற் கழித்தார். இரண்டு வயதிற் படிக்கத் தொடங்கினார் என்றும், நான்கு வயதிற்குள் வேதாகமத்தை இருமுறை படித்து முடித்தார் என்றும் அவர் வரலாறு எழுதியோர் கூறுவர். குழந்தை அறிவைப் பற்றிய செய்திகளை உற்றார் சிறிது பெருக்கியே சொல்லுதல் உலகியல்பு. பாதியைத் தள்ளினாலும் எஞ்சுவது வியக்கத்தக்கதே. பதினான்கு வயதளவில் இலத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு, இத்தாலியம் என்பனவற்றோடு, எபிரேயம், அரபு, பாரசீகம் முதலிய கீழ்த்திசை மொழிகளிலும் புகுந்திருந்தார். தொல்காப்பியத்தின் ஒரு சூத்திரத்திற்கு மூன்று உரைகளை ஒப்பிட்டுப் பார்ப்பதற்குள் களைத்துப்போகும் நமக்கு இஃது ஓரளவு பொறாமை விளைப்பது.

1787 முதல் ஐந்தாண்டுகள் ஹார்ட்பர்ட்ஷயரிலுள்ள யங்ஸ்பரி என்னும் மாளிகையிற் பார்க்லே குடும்பத்தாரோடு வாழ்ந்தார். அங்கே ஹட்ஸன் கர்னி என்னும் சிறுவனுக்குத் தோழராகவும் ஆசானாகவும் இருந்தார். ஆசானுக்கும் மாணவனுக்கும் வயதில் வேற்றுமை மிகச் சிறிது; அவர்களிடையே தோன்றிய நட்பு வாழ்நாள் முழுதும் நின்றது. அக்காலத்தே கரும்புத் தோட்டங்களில் அடிமைகள் படும் துன்பத்தைக் கேள்வியுற்ற யங், சர்க்கரை உண்பதைப் பல ஆண்டுகள் துறந்திருந்தார். படிப்பே வாழ்வாக இருந்த பிள்ளையிடத்து இவ்வுறுதியையும் காண்கின்றோம். இதனை நாம் குறிப்பதற்குக் காரணம் பின்னர்ப் புலப்படும்.

அவருடைய தாயின் மாமனாகிய டாக்டர் பிராக்கில்ஸ்பி லண்டனிற் புகழ்பெற்ற வைத்தியர்; எட்மண்ட் பர்க் முதலிய பெரியோருக்கு நண்பர். அவர் விருப்பப்படி யங் 1792-ஆம் ஆண்டு வைத்தியம் பயில லண்டன் சேர்ந்தார். அங்கே மாட்டுக் கண்ணொன்றை அறுத்துப் பார்க்கும் வாய்ப்பு நேர்ந்தது. கண்ணின் வில்லையை அவர் நுணுகி நோக்கினார். வெளிப்பார்வைக்குப் பளிங்குத் துண்டுபோலத் தோன்றும் அப்பொருள், வெங்காயத்தின் தோல்போல அடுக்கடுக்காகவும், ஒவ்வோர் அடுக்கும் மெல்லிய இழைகளாகவும் அமைந்திருக்கக் கண்டார். உடலில் இழையிழையாக அமைந்து சுருங்கும் பொருள் தசையன்றோ? ஆதலின் வில்லையே ஒரு தசை என்றும், அண்மையிலுள்ள பொருளை நோக்குங்கால் அது சுருங்கித் திரண்டு கூடுதலாகக் குவிகின்றது என்றும் அவர் முடிவு செய்தார். இம்முடிவே இராயல் சொசைட்டியிற் படிக்கப்பெற்றது. அடுத்த ஆண்டிலே, இருபத்தொரு வயதில், அவர் அக்கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார்.

புகழ் வந்த வழியே பழியும் வந்தது. அந்நாளில் லண்டனில் உடற்கூற்று நூலிற் சிறந்து விளங்கியவர் ஜான் ஹண்டர். வில்லை தசைத்தன்மையுடையது என்னும் கருத்துத் தமக்கே முன்னர்த் தோன்றியது என்று அவர் உரிமை கோரினார். அதனை விரித்துச் சொற்பொழிவு செய்ய எண்ணியிருந்த அவர், அவ்வாண்டு அக்டோபர் மாதத்திலேயே காலமானார். இதற்கிடையில் வேறொரு பேச்சும் கிளம்பிற்று. ஹண்டரின் கருத்து ஒரு விருந்தில் பேசப்பட்டதென்றும், அவ்விருந்திலிருந்த யங் அதனைக் கேட்டுத் தமதாக்கிக்கொண்டார் என்றும் கூறினர். பிறர் பொருளைக் கவர்ந்தான் என்னும் சொல் கற்றோருலகில் புகுவாரை வாயிலிலேயே வீழ்த்திவிடும். யங் வாளா இருந்தாரல்லர். சினந்து பூசலிட்டாரும் அல்லர். விருந்திலிருந்தோர்க்கு எழுதி, அத்தகைய பேச்சு அங்கே நிகழவில்லை என்று அவர்களிடமிருந்தே கடிதம் பெற்றார். உண்மையில் அக்கருத்து இருவருக்குமே முற்றிலும் புதியதன்று. வில்லையின் இழைகளை நுண்பெருக்கியாற் கண்ட ஹாலந்து நாட்டு லீவன்ஹுக் அவற்றைத் தசையெனக் கருதியிருந்தார். ஆதலின் இருவர் வழக்கிட்ட நிலம் மூன்றாமவர் ஒருவர் முன்னரே உழுதது என்றே நாம் சொல்வோம்.

பழியினும் கடுமையான இடர் அடுத்து வந்தது. ஹண்டரின் மைத்துனராகிய எவரார்ட் ஹோம் என்பவர், கருவிகள் செய்வதில் இணையற்ற ஜெஸ்ஸி ராம்ஸ்டன் என்பவருடன் சேர்ந்து சோதனைகள் செய்தார். கண்புரைக்காக வில்லை அகற்றப்பெற்ற ஒருவன், அண்மையும் சேய்மையும் மாறி மாறித் தெளிவாகக் காண வல்லவனாயிருந்தான் என்று அவர்கள் அறிவித்தனர். நோக்கு மாறும்போது கார்னியாவின் வளைவு மாறுவதை அளந்து கண்டதாகவும் கூறினர். வில்லையே இல்லாத கண்ணும் இசைந்து கொடுக்குமாயின் வில்லையின் மேல் எழுப்பிய கொள்கை என்னாவது? யங் அச்சோதனைகளை மதித்துத் தம் கொள்கையைக் கைவிட்டார். கைவிட்டதை வெளிப்படையாக எழுதியும் விட்டார். இதனைக் கோழைமை என்பாரும் உளராவர். நமக்கு அங்ஙனம் தோன்றவில்லை. ராம்ஸ்டனுடைய அளவைக் கருவிகளுக்கு எதிராகக் காட்டத் தம்மிடம் அப்போது சான்று ஒன்றும் இல்லை என்பதை அவர் அறிந்திருந்தார். தாம் கொண்டதைத் தாமே விடுதல், சர்க்கரையைத் துறந்த பிள்ளைக்கு அரிய செயலன்று.

இதற்கிடையே அவர் கல்வி ஊர் ஊராகச் சென்றது. 1794-இல் எடின்பரோவிலும், 1795-இல் ஜெர்மனியிலுள்ள கட்டிங்கனிலும் பயின்று, 1796-இல் வைத்தியப் பட்டம் பெற்றார். அவ்விடங்களில் இசை, நடனம், குதிரையேற்றம் முதலியவற்றையும் முறையாகக் கற்றார். குவேக்கர்கள் இவற்றுட் சிலவற்றை விலக்கியவர்கள். நாளடைவில் யங் அவ்வகுப்பினின்றும் நீங்கினார். 1797-இல் கேம்பிரிட்ஜில் இம்மானுவேல் கல்லூரியிற் சேர்ந்தார். அங்குள்ளோர் அவருக்கு அதிசய யங் எனப் பெயரிட்டனர். அப்பெயரில் வியப்பும் உண்டு, சிறிது ஏளனமும் உண்டு. அவ்வாண்டிறுதியில் டாக்டர் பிராக்கில்ஸ்பி காலமாகி, தம் லண்டன் வீட்டையும் ஏறத்தாழ 10,000 பவுன் பொருளையும் அவருக்கு வைத்துச் சென்றார். வயிற்றுக் கவலை ஒழிந்தது. யங் லண்டனில் வைத்தியத் தொழில் தொடங்கினார். நோயாளிகள் மிகுதியாக வரவில்லை. நமக்கு அது நன்மையாயிற்று.

ஓய்வு கிடைத்ததும் அவர் பழைய வினாவினிடத்தே மீண்டார். இம்முறை அவர் அறுத்தது மாட்டுக் கண்ணையன்று. சோதித்தது பெரும்பாலும் தம் கண்ணையே. 1800-ஆம் ஆண்டு நவம்பர் 27-ஆம் நாள் இராயல் சொசைட்டியில் நிகழ்த்திய சொற்பொழிவில் அச்சோதனைகளை விரித்துரைத்தார். மறு ஆண்டில் அஃது அச்சாயிற்று. கண் எந்தெந்த வழிகளால் மாறக்கூடுமோ அவ்வழிகளையெல்லாம் ஒன்றொன்றாக அடைத்துக்கொண்டு வந்து, இறுதியில் எஞ்சி நிற்பதைக் கொள்ளுதல் அவர் மேற்கொண்ட முறை.

முதலில் அளவைக் கருவியொன்று வேண்டும். தகடொன்றில் இரண்டு நுண்ணிய பிளவுகளைப் பாவையின் அகலத்திற்குள் அடங்குமாறு நெருக்கமாக வெட்டி, அவற்றின் வழியே நீண்ட கோடொன்றைக் கோட்டின் நீளப்போக்கிலே நோக்கினால், அஃது இரண்டு கோடுகளாகத் தோன்றி ஓரிடத்தில் ஒன்றையொன்று வெட்டும். அவ்வெட்டுமிடமே அக்கணத்தில் கண் தெளிவாகக் காணும் தூரம். கண் தன்னை அண்மைக்கு இசைத்துக்கொண்டால் வெட்டுமிடம் அருகே வரும், தளர்த்தினால் அகலும். இதனால் கண்ணின் இசைவை அங்குலக் கணக்கில் அளக்கலாயிற்று. இத்தகைய கருவியை ஸ்காட்லாந்து வைத்தியர் போர்ட்டர்பீல்ட் முன்னரே அமைத்திருந்தார். யங் அதனைத் திருத்தமுறச் செய்தார்.

அளந்தபொழுது எதிர்பாராத செய்தி ஒன்று கிட்டிற்று. அவருடைய கண், தளர்ந்த நிலையில், மேலும் கீழுமாக விரியும் கதிர்களைப் பத்து அங்குலத்திலிருந்தும், பக்கவாட்டில் விரியும் கதிர்களை ஏழு அங்குலத்திலிருந்தும் திரையிற் குவித்தது. ஒரே கண்ணுக்கு இரண்டு தூரங்கள்! அவர் கிட்டப்பார்வையர் என்பது இதனால் தெரிவதோடு, இன்று அஸ்டிக்மாட்டிஸம் என்று மூக்குக்கண்ணாடிக் கடையில் வழங்கும் குறையும் அவருக்கு இருந்தது. அக்குறையை அளந்து முதன்முதல் எழுதியவர் அவரே. அதுவரை அதனால் அவருக்கு யாதொரு தொல்லையும் தோன்றவில்லை என்பது வேடிக்கை.

அடுத்து, கார்னியாவைத் தீர்க்கவேண்டும். ஹோமும் ராம்ஸ்டனும் நின்ற நிலம் அதுவே. கார்னியாவில் ஒளிரும் மெழுகுவத்தியின் நிழலை யங் நுண்பெருக்கியால் நோக்கினார். கண் அண்மைக்கு இசையும்போது நிழலில் மாறுதல் காணவில்லை. அதனோடு அமைந்தாரில்லை. கார்னியா ஒளியை வளைப்பது அதன் முன்னே காற்று இருப்பதால். காற்றுக்குப் பதிலாக நீர் இருப்பின் அதன் ஆற்றல் பெரும்பாலும் அற்றுப்போகும். நீருள் மூழ்கிக் கண் விழித்தவர்க்கு எல்லாம் கலங்கித் தோன்றும் காரணம் இதுவே. யங் சிறு நுண்பெருக்கியொன்றிலிருந்து வில்லையொன்றைக் கழற்றி, ஆழமில்லாத குழியொன்றின் அடியிற் பொருத்தி, ஓரங்களை மெழுகால் அடைத்து, குளிர்ந்த நீரை முக்காற் பங்கு நிரப்பி, அதனைத் தம் விழியோடு ஒட்டவைத்துக்கொண்டார். கார்னியா நீருக்குள் அமிழ்ந்தது. அதன் தொழிலைக் கண்ணாடி வில்லை ஏற்றுக்கொண்டது; வேண்டிய அளவுக்கு மற்றொரு வில்லையும் சேர்த்துக்கொண்டார். இந்நிலையில் அளவைக் கருவியை நோக்கினார். கண் முன்போலவே அண்மைக்கும் சேய்மைக்கும் இசைந்தது. ஒரு சிறிதும் குறையவில்லை. கார்னியா இவ்வழக்கினின்றும் நீங்கிற்று.

கண் நீளுகின்றதோ என்பது அடுத்த வினா. இதற்கு அவர் செய்ததை எழுதும்பொழுதே நம் கண்ணில் நீர் துளிர்க்கின்றது. விழியை மூக்கின் பக்கமாக இயன்றமட்டும் திருப்பிக்கொண்டார். முன்புறத்தே, மூக்கெலும்போடு சார்த்தி ஓர் இரும்பு வளையத்தை நிறுத்தினார். பின்புறத்தே, கடைக்கண்ணின் வழியாக, சிறு திறவுகோலொன்றின் வளையத்தை வலி பொறுக்குமளவும் உள்ளே செலுத்தி விழியின் பின்பக்கத்தை அழுத்தினார். விழி இரண்டு வளையங்களுக்கிடையே சிக்கிக்கொண்டது. விழித்திரையை அழுத்தினால் ஒளிப்பொட்டு ஒன்று தோன்றும். கண்ணை மூடி விரலால் மெல்ல அழுத்திப் பார்ப்போர் இதனை அறியலாம். விழி நீளுமாயின் திறவுகோல் மேலும் அழுந்தி அப்பொட்டுப் பெரிதாகவேண்டும். அவர் கண்ணை அண்மைக்கு இசைத்தார், பொட்டு மாறவில்லை. அவருடைய விழிகள் இயல்பாகவே சற்றுப் புடைத்தவை; அதனால் இச்சோதனை இயன்றது. படிக்கும் நம் தோழர்கள் இதனைச் செய்துபார்க்கத் துணியாதிருப்பார்களாக.

இனி எஞ்சியது வில்லை. கண்புரைக்காக வில்லை அகற்றப்பெற்றோர் சிலரை யங் தம் கருவியால் தாமே சோதித்தார். ஹோம் கூறியதற்கு மாறாக, கோடுகள் வெட்டுமிடம் அவர்களுக்கு அசையவேயில்லை. ஒரே தூரத்தில் நிலைபெற்று நின்றது. வில்லையில்லாக் கண்ணுக்கு இசைவு இல்லை. எனவே, இசைவு வில்லையின் வடிவ மாற்றத்தாலே நிகழ்வது. கைவிட்ட கொள்கையை அவர் மீண்டும் கைக்கொண்டார். முன்னர் இளைஞனின் ஊகமாக இருந்தது, இப்போது எதிர்ப்பட்ட ஒவ்வொரு தடையையும் கடந்துவந்த முடிவாயிற்று.

ஆயின் ஒரு முடிச்சு அவிழாமலே இருந்தது. வில்லையின் வடிவை மாற்றுவது எது? வில்லை தானே தசை என்னும் பழைய எண்ணத்தை யங் விடவில்லை. தசையாயின் நரம்பு வேண்டும். அவர் வில்லையினுள் நரம்பைத் தேடினார், தெளிவாகக் காணவில்லை. தசையாயின் மின்சாரம் பட்டால் சுருங்கவேண்டும். உயிரினங்களின் வில்லைகளுக்கு மின்சாரம் செலுத்திப் பார்த்தார், அவை அசையவில்லை. இவற்றை அவர் மறைக்கவில்லை, எழுதியே வைத்தார். அவர் தேடிய தசை அங்கே இல்லாமற்போகவில்லை; வில்லையைச் சுற்றி, கதிராளி என்னும் நிறமுள்ள திரையின் பின்னே, ஒரு வளையமாகப் பொருந்தி இருந்தது. வில்லைக்குள்ளே கண்ணை வைத்து நோக்கியவருக்கு அதன் விளிம்புக்கு அப்பாலிருந்த பொருள் புலப்படவில்லை.

கண்ணைப் பற்றிய சொற்பொழிவுக்குப்பின் யங்கின் வாழ்வு பல துறைகளிற் பரந்தது. 1801-இல் இராயல் இன்ஸ்டிடியூஷன் என்னும் நிலையத்தில் இயற்கைத் தத்துவப் பேராசிரியரானார். ஒரு பொருளை விளக்கப் பத்து வாக்கியம் வேண்டுமிடத்தில் ஒரே வாக்கியத்தில் அவர் முடித்துவிடுவார் என்பர். கேட்போர்க்கு அது கடினமாயிருந்தது. 1803-இல் அப்பதவியை விட்டார். கண்ணுக்கு நிறங்களை உணர்த்துவன மூவகை நுண்ணுறுப்புக்களே என்னும் கருத்தை 1802-இல் வெளியிட்டார். ஒளியோடு ஒளி கூடினால் இருளும் பிறக்கக்கூடும் என்று காட்டி, ஒளி அலை வடிவானது என வாதித்தார். நியூட்டனுக்கு மாறாகப் பேசுவோரை இங்கிலாந்து அன்று பொறுக்கவில்லை. எடின்பரோ ரெவ்யூ என்னும் பத்திரிகையில் ஹென்றி பிரூம் என்பவர் கடுமையாகத் தாக்கினார். யங் எழுதி வெளியிட்ட மறுப்புரை ஒரே ஒரு பிரதி விற்றதாம். ஆண்டுமலருக்குக் கட்டுரை எழுதும் நமக்கு இஃது ஆறுதல் தரும் செய்தி.

1804-இல் எலிஸா மாக்ஸ்வெல் என்னும் நங்கையை மணந்தார். அவர்களுக்கு மக்கட்பேறு இல்லை. அவ்வாண்டு முதல் இறக்குமளவும் இராயல் சொசைட்டியின் அயல்நாட்டுச் செயலாளராகவும், 1811 முதல் புனித ஜார்ஜ் வைத்தியசாலையின் வைத்தியராகவும் இருந்தார். வைத்தியருக்கு வேறு நாட்டம் உண்டென்றால் நோயாளிகள் அஞ்சுவர் என்று கருதி, பல கட்டுரைகளைப் பெயரிடாமலே வெளியிட்டார். 1807-இல் வெளிவந்த அவருடைய சொற்பொழிவு நூலிலே, கம்பிகளும் தூண்களும் இழுப்புக்கு எவ்வளவு இடங்கொடுக்கும் என்பதற்கு ஓரளவை வகுத்தார்; பௌதிக மாணவர் அதனை யங் குணகம் என்று பயில்வர்.

எகிப்தில் அகப்பட்ட ரோஸெட்டாக் கல்லின்மேல் 1814 முதல் அவர் உழைத்ததைத் தமிழ் மாணவர்களாகிய நாம் விரித்துரைக்க விரும்புவோம். ஆயினும் அது தனிக் கட்டுரைக்குரியது. தாலமி என்னும் அரசன் பெயரை அக்கல்லிற் பிரித்து, சில குறிகளுக்கு ஒலியும் கண்டு, 1819-இல் வெளியிட்டார். 1822-இல் பிரெஞ்சுக்காரராகிய ஷம்போலியன் அவ்வெழுத்தின் முறையை முழுதும் கண்டு புகழ் பெற்றார். பத்தொன்பது வயதில் பிறர் கருத்தைக் கவர்ந்தார் என்று தூற்றப்பட்டவர், ஐம்பதை அணுகும்போது தம் கருத்துக்கு உரிய மதிப்பை மற்றொருவர் அளிக்கவில்லையென்று வருந்த நேர்ந்தது.

1829-ஆம் ஆண்டு மே 10-ஆம் நாள், ஐம்பத்தைந்தாம் வயதில், லண்டனில் யங் உயிர் நீத்தார். நோய்ப் படுக்கையிலும் பண்டை எகிப்திய மொழிக்கு அகராதியொன்று தொகுத்துக்கொண்டிருந்தார். பேனாவைப் பிடிக்க இயலாதபோது பென்சிலால் எழுதினார்.

அவர் விட்டுச்சென்ற முடிச்சைப் பிறரே அவிழ்த்தனர். 1846, 1847-ஆம் ஆண்டுகளில் ஜெர்மனியில் புரூக்கே என்பவரும் இங்கிலாந்தில் வில்லியம் பௌமன் என்பவரும், வில்லையைச் சூழ்ந்துள்ள வளையம் தசையே என்று தனித்தனியே கண்டனர். அதுவே சிலியரித் தசை. வில்லை மாறுவதைக் கண்ணாற் காணும் வழியும் அதனையடுத்துப் பிறந்தது. இருட்டறையில் ஒருவர் கண்ணெதிரே மெழுகுவத்தியைப் பிடித்தால், கார்னியாவிலிருந்து ஒன்றும், வில்லையின் முன்புறத்திலிருந்து ஒன்றும், பின்புறத்திலிருந்து ஒன்றுமாக மூன்று சுடர்கள் ஒளிரும். அவர் அண்மையை நோக்கும்போது இரண்டாவது சுடர் சிறுக்கின்றது; வில்லையின் முன்புறம் கூடுதலாகக் குவிந்தது என்பதற்கு அதுவே சான்று. ஹாலந்தில் கிராமரும் ஜெர்மனியில் ஹெல்ம்ஹோல்ட்ஸும் இதனைக் கண்டனர். யங் இறந்தபோது ஹெல்ம்ஹோல்ட்ஸ் பாட்ஸ்டாம் நகரில் ஏழு வயதுச் சிறுவன்.

தசைக்கும் வில்லைக்கும் உள்ள தொடர்பை 1855-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் விளக்கினார். அவ்விளக்கம் முதற்கண் தலைகீழாகத் தோன்றுவது. வில்லையின் விளிம்பிலிருந்து நுண்ணிய இழைகள் நாற்புறமும் சென்று தசைவளையத்தைப் பற்றியுள்ளன. தசை தளர்ந்திருக்கும்போது வளையம் அகன்று இழைகளை விறைப்பாக இழுத்துக்கொண்டிருக்கும். அதனால் வில்லை தட்டையாகும். கண் பனையை நோக்கும். தசை சுருங்கும்போது, சுருக்குப்பையின் வாய் கூடுவதுபோல, வளையம் குறுகும். குறுகவே இழைகள் தொய்யும். இழுப்பு நீங்கிய வில்லை தன் இயல்பான மீள்சக்தியால் திரண்டு குவியும். கண் நூலை நோக்கும். தசை இறுகுவதால் கயிறு தொய்கின்றது! தூரத்தை நோக்குதல் கண்ணுக்கு ஓய்வு என்பதும், நெடுநேரம் படித்தபின் கண் சோர்வதும் இதனால் விளங்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல வில்லை கடினமாகித் தானே திரளும் தன்மையை இழக்கின்றது. பத்து வயதுப் பிள்ளை மூன்றங்குலத்திற் காண்பதை, நாற்பத்தைந்தைக் கடந்தவர் கை நீட்டிப் பிடித்துக் காண்கின்றார். அதனையே நம் பெரியோர் வெள்ளெழுத்து என்பர். தசை அப்போதும் சுருங்கிக்கொண்டுதான் இருக்கின்றது, வில்லை இணங்குவதில்லை.

யங் கருதியபடி வில்லை தசையன்று. எனினும், வில்லையின் வடிவமே மாறுகின்றது, கார்னியாவும் அன்று, விழியின் நீளமும் அன்று என்று திறவுகோல் வளையத்தாலும் முக்காற் பங்கு நீராலும் அவர் நாட்டியது அங்ஙனமே நின்றது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் தம் நூலில் அதனை ஏற்றுக்கொண்டார். மறந்துபோயிருந்த மூவண்ணக் கொள்கையையும் எடுத்து வளர்த்தார்.

லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்திலே யங்கின் நினைவாகச் சலவைக்கல் ஒன்று உள்ளது. அதற்கு வாசகம் எழுதியவர் யங்ஸ்பரியில் அவரிடம் பயின்ற ஹட்ஸன் கர்னி. ஒளியின் அலைக் கொள்கையை நிறுவியதும், எகிப்திய எழுத்தின் இருளை முதலில் ஊடுருவியதும் அதிற் பொறிக்கப்பட்டுள்ளன. கண்ணைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.